கைமுதல்: தேன் பருவமும் கிழமைத் தவணையும்

(கடனும் சிறுதொழிலும் பற்றிய வாசகர் கேள்வி பதில் பகுதி. பதில் எழுதுபவர் மட்டக்களப்பில் கூட்டுறவுக் கிராமிய வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கத்தில் வாழும், இலங்கையின் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரான கரையோர வேடர் குடும்பங்கள் தொடங்கும் சிறுதொழில்கள் பற்றிக் கடந்த இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களே இந்த மாதம் பகுதியை நிரப்பிவிட்டன. எல்லாவற்றையும் போட இடமில்லை. பதில் அவசரமாகத் தேவைப்படுபவர்களின் கடிதங்களை முதலில் எடுத்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

வாசகி, பால்சேனை: அக்கா, நாங்கள் வேடர் வழி வந்த ஆக்கள். வீட்டுக்காரரும் தம்பியும் ஆனி, ஆடியில் தேன் எடுப்பார்கள். ஒரு பருவத்துக்கு 60 போத்தல் வரும். வைகாசியிலேயே வியாபாரி 20,000 ரூபா முற்பணம் தந்துவிடுவார். அதனால் போத்தல் 1,200 ரூபாப்படி முழுவதையும் அவருக்கே கொடுக்க வேணும். டவுண் கடையில் அதே தேன் 3,000 போகிறதாம். நானே வடித்து, சின்னப் போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி விற்க ஆசை. மூடியோடு போத்தல் 130 ரூபா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வங்கியில் ஒரு லட்சம் கேட்டேன். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேணும் என்றார்கள். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவரும் இல்லை. கிழமை லோன் கம்பனிக்காரர் நாளைக்கே தருவோம் என்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், தங்கச்சி. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், கடதாசியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 24 வீதம் வட்டி, 52 கிழமையில் கட்டலாம் என்று சொல்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,24,000. கிழமைக்கு 2,385 ரூபா வரும். வைகாசியில் காசு எடுத்தால் அடுத்த கிழமையே கட்டத் தொடங்க வேண்டும். தேன் வடித்து, அடைத்து, முதல் போத்தல் விற்றுக் காசு கைக்கு வர ஆடி பிறந்துவிடும். அதற்குள் பத்துக் கிழமை போய்விட்டால் 23,850 ரூபா கட்டியாகிவிடும். எந்தக் காசில்? அதே கடன் காசில்தான். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிடும், தேனும் இருக்காது. கிழமைக் கட்டு மட்டும் நிற்காது. அப்போதுதான் இந்தக் கம்பனியின் கடனை அடைக்க இன்னொரு கம்பனியிடம் எடுப்பது தொடங்குகிறது. நம்முடைய ஊர்களில் இதைப் பார்க்காத தெரு இல்லை.

வட்டியும் 24 வீதம் அல்ல. முதல் நாள் எடுத்த முழுத் தொகைக்குமே வருஷம் முழுக்க வட்டி போட்டிருக்கிறார்கள். நீங்களோ கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் ஐம்பதாயிரம் சொச்சம்தான் வருஷம் முழுக்க உங்கள் கையில் இருக்கும், வட்டியோ 24,000. குறைந்து செல்லும் மீதிக்குச் சரியாகக் கணக்குப் பார்த்தால் அது 44 வீதத்துக்குக் கிட்ட வரும். இனி யாராவது வட்டி சொன்னால், "முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

இனி, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? நீங்கள் கேட்டது ஒரு லட்சம். கடிதத்தில் இருக்கும் விவரத்தை வைத்து வேறு ஒரு வழி சொல்கிறேன். வியாபாரியை இந்த வருஷம் விட்டுவிட வேண்டாம். அவர் தரும் 20,000 வைகாசியில் வீட்டுச் செலவுக்கு உதவுகிறது, அதை வாங்குங்கள். ஆனால் வாங்கும்போதே, "இந்தக் காசுக்கு 17 போத்தல் தருவேன், மிச்சம் என்னுடையது" என்று பேசிக்கொள்ளுங்கள். 17 போத்தலை 1,200ஆல் பெருக்கினால் 20,400. அவருடைய முற்பணம் தீர்ந்துவிடும். அவர் முகம் சுளிப்பார். இரண்டு மூன்று போத்தல் கூடக் கேட்டால் கொடுங்கள், பாதகமில்லை. வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 43 போத்தல். 750 மில்லிப் போத்தல் என்றால் 32 லீற்றருக்குச் சற்றுக் கூட. தேன் தண்ணீரை விடக் கனம். ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.4 கிலோ நிறுக்கும். ஆகவே உங்களிடம் 45 கிலோ இருக்கிறது. 500 கிராமாக அடைத்தால் 90 போத்தல். போத்தலுக்கு 11,700 ரூபா. வடிதுணி, குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம், தராசு, லேபல் எல்லாவற்றுக்கும் ஒரு 12,000 வையுங்கள். மொத்தம் 23,700. உங்களுக்குத் தேவையான கடன் 25,000 ரூபா, தங்கச்சி. ஒரு லட்சம் அல்ல.

லாபத்தையும் கூட்டிச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். டவுணில் 3,000 என்பது கடைக்காரர் விற்கும் விலை, உங்கள் கைக்கு வரும் விலை அல்ல. 500 கிராம் போத்தலுக்குக் கடைக்காரர் 1,100 தந்தால் 90 போத்தலுக்கு 99,000. செலவு போக 75,300. அந்த 43 போத்தலையும் வியாபாரிக்குக் கொடுத்திருந்தால் 51,600 வந்திருக்கும். ஆக முதல் வருஷம் 23,000 ரூபா அளவில்தான் கூட வரும். பஸ் செலவும் வட்டியும் அதிலிருந்தே போக வேண்டும். ஆனால் பாத்திரமும் தராசும் அடுத்த வருஷமும் இருக்கும், கடையும் பழகியிருக்கும். முதல் பருவத்துக்கு இது போதும்.

25,000 ரூபாவை எங்கே எடுப்பது? வீட்டில் ஒரு சோடித் தோடு இருந்தால் அரச வங்கியில் அடகு வையுங்கள். பிணையாளர் தேவையில்லை, கிழமைக் கட்டு இல்லை, தேன் விற்ற பிறகு ஒரே தடவையில் மீட்கலாம். தோடு இல்லையென்றால், அங்கத்தவராக இருக்கும் பட்சத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான சமுர்த்தி வங்கிக்குப் போங்கள். அங்கே ஐந்து பேர் கொண்ட சிறுகுழு ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் ஒழுங்கு இருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சுழற்சி நிதி இருந்தால் அது இன்னும் நல்லது. கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "ஆவணி, புரட்டாதியில் முழுவதையும் கட்டுகிறேன், அதுவரை வட்டி மட்டும் எடுங்கள்." இது புதுமையான கோரிக்கை அல்ல. படுவான்கரையில் நெல் விதைக்கிறவருக்குப் பயிர்க்கடன் கொடுத்தால் அறுவடைக்குப் பிறகுதானே திருப்பி வாங்குகிறார்கள்? வேளாண்மைக்கு ஒரு பருவம் இருப்பதுபோல் தேனுக்கும் இருக்கிறது, நண்டுக்கும் இருக்கிறது. நெல்லுக்கு விட்டுக்கொடுக்கும் வங்கி தேனுக்கு ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். தொழிலின் பருவத்தைப் பார்த்துத்தான் தவணை போட வேண்டும். தவணைக்காகத் தொழிலை நெருக்கினால் தொழில் செத்துவிடும்.

தேனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தேனடையில் தேனீ மெழுகால் மூடி அடைத்த அறைத் தேனை மட்டும் பிழியுங்கள். மூடாத அறையில் இருப்பது முற்றாத தேன், அதில் தண்ணீர் கூட. சர்வதேச உணவுத் தராதரத்தின்படி தேனில் ஈரப்பதம் நூற்றுக்கு 20க்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் புளித்து நுரை தள்ளி மூடியைத் தூக்கிவிடும். தேன் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாரி தொடங்குமுன் அடைத்து முடித்துவிடுங்கள். போத்தலைக் கழுவினால் போதாது, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய வேண்டும். பழைய சாராயப் போத்தல் வேண்டவே வேண்டாம், மணம் போகாது. லேபலில் பெயர், நிறை, உங்கள் விலாசம், அடைத்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம் இருக்க வேண்டும். அச்சடிப்பதற்கு முன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் ஒருமுறை காட்டுங்கள். கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) உறுதிப்படுத்திக்கொண்டு வாகரைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். அந்தப் பதிவுத் துண்டு கையில் இருந்தால் அடுத்த வருஷம் வங்கியில் கதைக்கும் விதமே மாறிவிடும்.

ஆசிரியர் ஒருவர், மட்டக்களப்பு நகர்: ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் சொல்கிறாள், கனடாவில் பழங்குடி மக்களுக்குத் தொழில் தொடங்க அரசாங்கம் சும்மா காசு கொடுக்கிறதாம். உண்மையா? உண்மையென்றால் நம்முடைய வேடர் மக்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?

பாதி உண்மை, ஐயா. மறு பாதியில்தான் நாம் படிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

கனடாவில் 1876இல் இயற்றிய இந்தியன் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பலமுறை திருத்தியிருக்கிறார்கள். அதன் 89ஆம் பிரிவின்படி, ரிசேர்வ் எனப்படும் ஒதுக்கப்பட்ட நிலத்தில் உள்ள முதற்குடி மக்களின் சொத்தை அந்த மக்கள் அல்லாத எவரும் ஈடாக எடுக்கவோ பறிமுதல் செய்யவோ முடியாது. கடன் கொடுத்தவரிடமிருந்து நிலத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. ஆனால் அதனாலேயே வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்கின. ஈடு இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட 1980களின் நடுப்பகுதியிலிருந்து, அரசாங்கம் தந்த முதலை வைத்து, பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் கடன் நிறுவனங்களை உண்டாக்கினார்கள். இப்போது நாடு முழுக்க 50க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு தேசியச் சங்கமும் இருக்கிறது. முதற்குடிகள், மெத்தி, இனுயிட் என்ற மூன்று பிரிவினருக்கும் அவை கடன் கொடுக்கின்றன. உங்கள் மச்சாள் சொன்ன "சும்மா காசு" என்பது திருப்பிக் கட்டத் தேவையில்லாத ஒரு பங்கு. அது தனியாக வருவதில்லை. கடனோடும், தொழில் செய்கிறவர் போடும் சொந்தக் கைமுதலோடும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். தொழில் திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2021இல் 150 மில்லியன் டொலருடன் ஒரு வளர்ச்சி நிதியமும் தொடங்கினார்கள், இந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்க முதல் போதாமல் இருந்ததால்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அதே 2021இல் கனடா மத்திய அரசாங்கம் தன் கொள்வனவு ஒப்பந்தங்களின் பெறுமதியில் குறைந்தது 5 வீதம் பழங்குடி மக்களின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று அறிவித்தது. அவுஸ்திரேலியா 2015இலேயே 3 வீதம் என்ற இலக்கோடு இப்படியொரு கொள்கையைத் தொடங்கியிருந்தது. கடன் கொடுத்துவிட்டு, "போ, எங்கேயாவது விற்றுக்கொள்" என்று விடாமல், வாங்குவதற்கும் ஆள் நிறுத்தினார்கள். என்னுடைய அனுபவத்தில் சிறுதொழில்கள் படுப்பது கடன் கிடைக்காததால் மட்டுமல்ல. செய்த பொருளை வாங்க ஆள் இல்லாமல் படுத்தவைதான் கூட.

நமக்கு ஏன் இல்லை என்று கேட்டீர்கள். 2007 செப்ரெம்பர் 13 அன்று பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வாக்குக்கு வந்தபோது இலங்கை ஆதரித்தது, கனடா எதிர்த்தது. கனடா பிறகு மனம் மாறி 2021இல் அதை அமுல்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்துவிட்டது. கையுயர்த்திய நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. மதுறு ஓயா 1983இல் தேசிய பூங்கா ஆனபோது தம்பானை வேடர் மக்கள் வேட்டையாடித் தேன் எடுத்த காடு அவர்களுக்கு அடைபட்டது. அம்பாறை மாவட்டத்துப் பொல்லேபெத்தையைப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் காட்டுநிலத்தைச் சோளச் செய்கைக்குத் துப்புரவாக்கியபோது அதை நிறுத்தக் கோரி 2020இல் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அங்கேயாவது அவர்களை வேடர் என்று நாடு அறியும். வாகரை, வெருகல், ஈச்சிலம்பற்றை, மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் வேடர் மக்கள் பதிவுகளில் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கிறார்கள். தனியாக ஒரு ஆள்தொகை எண்ணிக்கை இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு நிதி எப்படி வரும்?

காணி விஷயத்தில் நம் நிலைமையும் அந்த 89ஆம் பிரிவுக்குத் தூரமில்லை. இந்தக் குடும்பங்களில் கூடுதலானவர்களிடம் உறுதிக் காணி கிடையாது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி இருந்தாலும் வங்கி அதை எளிதில் ஈடாக எடுக்காது. கனடாவில் இதே தடையைப் பார்த்துத் தங்களுக்கென்று கடன் நிறுவனம் கட்டினார்கள். இங்கே இதே தடையைப் பார்த்துக் கிழமை லோன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின.

ஆகவே கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் மானியம் என்று கேட்டால் அது ஒரு மாரிக்குக் கூடத் தாங்காது. குஞ்சங்கல்குளம், மதுரங்கேணிகுளம் போன்ற ஊர்களின் மக்களே அங்கத்தவராகவும் நிர்வாகியாகவும் இருக்கும் ஒரு சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், அதற்கு ஒரு ஆரம்ப முதல் என்று கேட்போம். கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்தில் பதியலாம். உங்கள் மச்சாளும் அவருடைய ஊர்ச் சங்கமும் உதவ விரும்பினால் அந்த ஆரம்ப முதலில் ஒரு பங்கைப் போடச் சொல்லுங்கள். காசு சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும். திரும்பி வரும் தவணையும் அந்த ஊரிலேயே சுற்றட்டும்.

வாசகி, தம்பிலுவில்: நாங்கள் ஐந்து பெண்கள் பன்பாய் இழைக்கிறோம். ஒரு நிறுவனம் எங்களுக்கு மானியம் தருகிறதாம், ஆனால் கோழி வளர்ப்புக்கு மட்டும். ஆளுக்கு 50 குஞ்சும் ஒரு கோழிக்கூடும். வாங்கலாமா?

கோழி வளர்த்துப் பழக்கம் உள்ள ஒருத்தி உங்களில் இருந்தால் அவள் மட்டும் வாங்கட்டும். மற்றவர்கள் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தீன் விலை தினமும் கையைக் கடிக்கும், பாய் இழைக்கிற நேரத்தையும் அது தின்றுவிடும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதனால் வெறுமனே மறுக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எங்களுக்குத் தேவை சாயம், பன் காயவைத்து அடுக்க ஒரு கொட்டில், மாரியில் இழைக்கப் பன் வாங்கி வைக்க ஒரு தொகை. தொகையையும் எழுதுங்கள். கள உத்தியோகத்தர் சில சமயம் மேலே கதைத்து மாற்றித் தருவார்.

பெரிய பாயை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏற மாட்டார், கைப்பையும் மேசை விரிப்பும் கொண்டுபோவார். ஹோட்டலுக்குக் கொடுத்தால் காசு வர ஒரு மாதம், இரண்டு மாதம் பிந்தும், அதைத் தாங்கக் கையில் இருப்பு வைத்துக்கொண்டு கொடுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் ஐந்து பேரும் கைப்பணியாளராகப் பதிந்துவிடுங்கள், கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும்.

வாசகி, மாங்கேணி: குழுக் கடனில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கையெழுத்து வைத்தேன். அவ குவைத்துக்குப் போய்விட்டா. கம்பனிக்காரர் பின்னேரம் வந்து இரவு ஏழு எட்டு மணி வரை வாசலில் இருக்கிறார்கள். என் அடையாள அட்டையைத் தா, கட்டினதும் தருவோம் என்கிறார்கள். ரிவியைத் தூக்கிக்கொண்டு போவோம் என்கிறார்கள். எனக்கு நித்திரை இல்லை.

அடையாள அட்டையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், மகள். ஏ.ரி.எம். அட்டையையும்தான். அவற்றைப் பிடித்து வைக்க எந்தக் கம்பனிக்கும் உரிமை இல்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள் வந்து ரிவியையோ வேறு பொருளையோ எடுத்துப்போகவும் முடியாது. மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், தனியாகப் போகாமல் சங்கத் தலைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் கையெழுத்து கையெழுத்துத்தான். அந்த அக்கா கட்டாவிட்டால் பொறுப்பு குழுவில் உள்ள உங்கள் எல்லாருக்கும் வரும். இதை மறைத்துச் சொன்னால் உங்களுக்கு நல்லதல்ல. ஆகவே முதலில் கம்பனிக் கிளைக்கு நேரில் போய், எவ்வளவு முதல் மிச்சம், எவ்வளவு வட்டி, எவ்வளவு தண்டம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாசலில் நிற்கும் பொடியனிடம் கணக்குப் பேசவும் வேண்டாம், பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபா கொடுக்கவும் வேண்டாம். குவைத்துக்குப் போனவருடன் குடும்பத்தார் மூலமாகத் தொடர்புகொண்டு மாதம் ஒரு தொகையை நேரே கிளைக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். குழுவில் மிச்சம் இருப்பவர்கள் ஒன்றாகப் போய்த் தண்டத்தை விட்டு முதலை மட்டும் மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் கிடைக்காதது நாலு பேர் சேர்ந்து கேட்டால் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, அந்தக் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டப்படி இலங்கை மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, பட்டியலும் வெளியிடுகிறது. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது, அங்கே எழுத்தில் முறையிடலாம். கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்ற அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் சொந்த அறிக்கையைப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேறு எங்கே எல்லாம் உங்கள் பெயர் பிணையாகக் கிடக்கிறது என்று அப்போது தெரியும்.

நித்திரை இல்லாமல் தவிப்பது நீங்கள் மட்டுமல்ல. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்குக் குறைந்த நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. 2021 மார்ச் 8 தொடங்கிப் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், 55 நாள். இது உங்கள் ஒருத்தியின் தப்பு அல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இங்கே போடவில்லை, ஆனால் படித்தேன். அதைப் பற்றி வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே மனம் விட்டுக் கதையுங்கள். ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். காசைப் பிறகு பார்க்கலாம்.

இளைஞர், கதிரவெளி: டவுணிலும் பாசிக்குடாப் பக்கமும் "வேடர் தேன்" என்று லேபல் ஒட்டி விற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் அவர்களுக்குத் தேன் கொடுத்ததில்லை. வாங்கிப் பார்த்தேன், சீனிப்பாகு மாதிரி இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்களை வேடன் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். இப்போது அதே பெயரை வைத்துக் காசு பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. அதை ஒரு வேலையாக மாற்றலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

முதலில் கலப்படத்தைப் பற்றி. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் சொட்டுவது, நெருப்புக் குச்சியில் தோய்த்துப் பற்றவைப்பது எல்லாம் நம்பக்கூடிய சோதனை அல்ல. நல்ல தேனும் சில நாளில் உறைந்து சீனி மாதிரி ஆகும். ஆகவே உங்கள் நாக்கை வைத்து மட்டும் குற்றம் சாட்ட வேண்டாம். ஒரு போத்தலைப் பற்றுச்சீட்டோடு வாங்கி, மூடி திறக்காமல் அந்தப் பகுதி பி.எச்.ஐ.யிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் முறைப்படி மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விலாசமோ திகதியோ இல்லாத லேபல் என்றால் அதுவே ஒரு குற்றம்.

பெயர் விஷயம்தான் பெரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கூட்டுக் குறி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு ஆளோ கம்பனியோ அல்லாமல், ஒரு சங்கமே குறியின் சொந்தக்காரராக இருக்கும். சங்கம் வைத்த நிபந்தனைப்படி தேன் எடுத்த அங்கத்தவர் மட்டும் அந்தக் குறியைப் போத்தலில் ஒட்டலாம், மற்றவர் ஒட்டினால் வழக்குப் போடலாம். வேடர் என்ற சொல்லை மட்டும் தனியே பதிவதற்குக் கேட்டால் அது பொதுச் சொல் என்று தட்டிக்கழிக்கலாம். அதனால் ஊர்ப் பெயரும் ஒரு படமும் சேர்ந்த குறியாக வடிவமையுங்கள். அதை வரைய வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் நன்றாகக் கீறும் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

ஆனால் குறி பதிவதற்கு முன் ஊருக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. யார் அங்கத்தவர்? வேறு ஊரில் கலியாணம் முடித்துப் போன பெண்ணுக்கு உரிமை உண்டா? மாங்கேணியிலும் வெருகலிலும் இருக்கும் உங்கள் ஆக்களைச் சேர்ப்பீர்களா? ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் போக வனத் திணைக்களத்தின் அனுமதி தேவை, அதை ஆளுக்கு ஆள் அலையாமல் சங்கத்தின் பெயரில் கேட்பீர்களா? மூடாத அறைத் தேனைப் பிழிந்து கலந்தவரை எத்தனை முறை மன்னிப்பீர்கள்? இதையெல்லாம் மூத்தவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். தேன் எடுக்கிற முறையில், அடையில் குஞ்சுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதில், அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவர்கள் சொல்வதையே நிபந்தனையாக எழுதினால் அதைவிட நல்ல தராதரம் வேறு இல்லை.

பால்சேனையிலிருந்து எழுதிய தங்கச்சியின் கடிதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். இரண்டு ஊரும் பக்கத்தில்தானே, அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சங்கத்தைப் பதிந்து, கூட்டக் குறிப்புப் புத்தகமும் வங்கிக் கணக்கும் திறந்த பிறகு கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம். குறியைப் பாவிப்பதற்கான நிபந்தனைகளின் பிரதி ஒன்றையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனைகளை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், கணக்குப் பகுதியை நான் சரிபார்த்துத் தருகிறேன்.